மாமல்லபுரம் கிளையின் ஃப்ரீஸர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கை இன்னும் நாறுகிறது. எங்கள் உணவகத்தின் மாமல்லபுரம் கிளைக்கு இன்று போனேன். ஊரப்பாக்கம் அலுவலகத்தில் நான் பார்க்கும் திரையில் அந்தக் கிளை எப்போதும் பச்சைதான், கோளாறே இல்லை என்று. மீன் ஃப்ரீஸரைத் திறந்தால் குப்பென்று அழுகல் வாடை. குளிர் குறைந்தால் அங்கேயே அலாரம் அடிக்கத்தான் கடைக்கொரு சின்னக் கணினி வைத்திருக்கிறோம். அது அடிக்கவே இல்லை. மீன் ஃப்ரீஸரில் இருந்து குளிரை அளக்கவேண்டிய சென்சார், ஐஸ்கிரீம் வைக்கும் குளிர்பெட்டிக்குள் கிடந்தது.

“கதவைத் தொறந்தாலே கத்திகினு கீது சார், ஒரே பேஜாரு. அதான் மாத்தி வெச்சேன்,” என்றார் மாஸ்டர்.

“அலாரமே வராத கடைன்னு மத்த பிராஞ்சுக்கெல்லாம் உங்களத்தானே மாஸ்டர் காட்டினேன்!”

“ஆமா சார். அவங்களும் போன் பண்ணி எப்டின்னு கேட்டாங்க. சொல்லிக் குடுத்துட்டேன்.”

இப்போது கைப்பேசியில் பார்க்கிறேன். செங்கல்பட்டு பச்சை. மறைமலைநகர் பச்சை. எல்லாம் பச்சை.