ஆறாவது பெயர்

மாப்ள,

நேற்று சூலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் மேடையில் ஆர்கெஸ்ட்ராக்காரன் கிதாரை ஒரு இழு இழுத்தான். கரகரவென்று, தகரத்தில் சரளைக்கல்லைக் கொட்டினாற்போல. அசல் உன் சத்தம்! பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். நம்மைப் பார்த்து “தகரம் உருட்டுறானுக” என்று சொன்ன அதே ஊர்தானே இது? எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பிரியாணியை விட்டுவிட்டு நான் எழுந்து வந்தேன் என்றால் எம்புட்டுக் கோபம் என்று உனக்குத் தெரியும்.

இப்போது சினிமாப் பாட்டு முழுக்க அந்தக் கரகரப்புதான். ரிங்டோன் எல்லாம் அதுதான். சென்னையில் மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் வாசித்துக் கிடந்த பையன்களை ஒவ்வொருவராக ஸ்டுடியோவுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். டிவியில் ஒருத்தர், இதெல்லாம் பெரிய இடத்தில் பிறந்து சின்ன ஊர்களுக்கு இறங்கி வந்த இசை என்கிறார். இறங்கி வந்ததாம்! சிவகாசியில் ஒரு பிரஸ் குடோனில், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற கிதார் பெடல் வாங்க வழியில்லாமல், சர்ச்சில் கழித்துப்போட்ட ஸ்பீக்கரின் காகிதத்தை பிளேடால் கீறி அந்தச் சத்தத்தை நீ வரவைத்ததை அவர் வந்து பார்த்தாரா?

நாம் மூன்று பேர். நீ கிதாரும் பாட்டும். பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டிய பாண்டி பேஸ் கிதார். பாத்திரக்கடையில் பிறந்தவன் வேறு எதை அடிப்பான், நான் டிரம்ஸ். ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்ற பிறகு குடோன் நமக்கு. கலர் நகர்ந்து வீணான காலண்டர்த் தாளின் பின்பக்கம்தான் நம் போஸ்டர். லட்சுமிக்கு மூன்று மூக்கு இருக்கும், திருப்பினால் நம் பெயர் இருக்கும். நாம் வாசிப்பதைக் கேட்க நாற்பது பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா.

அந்தப் பாட்டு உன் அம்மாவிடமிருந்து வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடி விபத்து. ஆறு பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா அங்கே நர்ஸ். ஆறு பேரும் பிழைக்கவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்த அம்மா, தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் பேசினார். நானும் அங்கே இருந்தேன்.

“பேரச் சொல்லிக் கூப்பிட்டா அஞ்சு பேரு கண்ணத் தொறந்து பாத்தாக. ஒரு பிள்ளை மட்டும் பாக்கவே இல்லய்யா. தனலட்சுமி, தனலட்சுமின்னு காதுக்குள்ள போயிச் சொன்னேன். திரும்பவே இல்ல.”

அதைத்தான் நீ பாட்டாக்கினாய். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு பெயரைக் கூப்பிடுவாய். நான் ஓர் அடி அடிப்பேன். பிறகு “உள்ளேன்” என்று பதில் வரவேண்டிய இடத்தில் மூன்று பேரும் சும்மா இருப்போம். அப்புறம் அடுத்த பெயர். அவ்வளவுதான் பாட்டு. பேப்பரில் வந்த பட்டியலை வைத்து ஆறு பெயர்.

அடுத்த பங்குனியில் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழா. ஆர்கெஸ்ட்ரா தொடங்கும் முன் மைக் டெஸ்டிங் நேரத்தில் நமக்கு அரை மணி கொடுத்தார்கள். அன்றைக்கு அம்மாவையும் வேனில் அழைத்து வந்திருந்தாய். மேடை ஏறும்போதே கமிட்டிக்காரர் வந்தார்.

“தம்பி, பேரு கீரு சொல்ற பாட்டு வேணாம். பந்தலே கம்பெனிக்காரக போட்டதுதான். பாத்துக்கோங்க.”

“பாத்துக்கிடுறோம்ணே” என்றாய். எனக்கு அப்போதே தெரியும், நீ எதைப் பார்க்கப் போகிறாய் என்று.

முதல் பாட்டே அதுதான். ஐந்து பெயர் வரைக்கும் பந்தலில் ஒரு சத்தமில்லை. “தனலட்சுமி!” என்றாய். அடித்தேன். அமைதி வரவேண்டிய இடத்தில் பெண்கள் பக்கம் சலசலப்பு. யாரோ சிரிப்பது கூடக் கேட்டது. பிறகு ஒரு குரல்.

“உள்ளேன்!”

இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எழுந்து நின்றாள். “நாந்தான் தனலட்சுமி. உசுரோடதான் இருக்கேன். காயிதத்துலதான் என்னையக் கொன்னுட்டாக.”

நீ கிதாரை அமர்த்திவிட்டு மேடை நுனிக்குப் போனாய். அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அவள் பெயரில் வேறொருத்தி போனாள். போனவளுக்கு ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது. “ரெஜிஸ்டர்ல இல்லாத ஆள வேலைக்கு வச்சது தெரிஞ்சா கம்பெனிய மூடிருவாக, பெறகு நாங்க எங்கன வேலைக்குப் போக? அதான் ஊரே வாய மூடிக்கிட்டோம்.”

“அவுக பேரு என்னக்கா?” என்று கேட்டாய்.

அவள் கமிட்டிக்காரரைப் பார்த்தாள். பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “முத்துராணி.”

வேன் பக்கத்திலிருந்து உன் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “ஐயோ! நான் வேற பேரச் சொல்லில்லா கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்!”

கமிட்டிக்காரர் ஓடிப்போய் கரண்டை நிறுத்தினார். மைக் செத்தது, கிதார் செத்தது. என் டிரம்ஸுக்கு எதுக்குய்யா கரண்ட்? வெறும் தொண்டையில் “முத்துராணி!” என்று கத்தினாய். அடித்தேன். பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் “உள்ளேன்” என்றார்கள். எனக்கு அடுத்த அடி தப்பிப்போனது.

அந்த மாதமே, அன்றைக்குத் திருவிழாவில் வாசிக்க வந்திருந்த ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் குடோனுக்கு வந்தார். “இந்த கரகரப்பு எப்படி வருதுன்னு காட்டுங்க தம்பி” என்றார். காட்டினாய். ஸ்பீக்கரைக் கீறுவதற்கு பிளேடு கூட நீதான் கொடுத்தாய். ஊர் ஊராக அந்தச் சத்தம் போனது. ஆனால் பேப்பரில் திருத்தம் வரவில்லை, ரெஜிஸ்டரிலும் யாரும் எழுதவில்லை. முத்துராணி செத்துப்போனாள் என்று சொல்கிற ஒரே இடம் உன் பாட்டுதான்.

அப்புறம்தான் சென்னையிலிருந்து ஒரு சினிமா இசையமைப்பாளரின் உதவியாளர் வந்தார். பாண்டி பதிந்து கொடுத்த சிடி எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. மெட்டு வேண்டும், கிதார் வேண்டும், பெயர்கள் மட்டும் வேண்டாம். கதாநாயகன் கல்லூரியில் அட்டெண்டன்ஸ் எடுப்பானாம், பெண் பிள்ளைகள் ஆடிக்கொண்டே “உள்ளேன்” என்பார்களாம். நீ முடியாது என்றாய். இப்போது சொல்வதற்கென்ன, எனக்கு அன்றைக்கு உன்னை அறையலாம்போல இருந்தது. பேரை மாத்துனா என்னலே, நம்ம சத்தம் நாடு பூராக் கேக்குமே என்று சண்டை போட்டேன்.

“ஏலே காதரு, பேர எடுத்துட்டா மிச்சம் இருக்கது வெறும் சத்தம்லே. சத்தத்துக்கு நம்மூர்ல பஞ்சமா?”

நாலு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்த நாலு மாதத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்? போன ஐப்பசியில் மஞ்சள்காமாலையைச் சும்மா காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு திரிந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாய். கோபம் இன்னும் ஆறவில்லை மாப்ள.

இன்று காலை ஒரு போன். வேறொரு சினிமா கம்பெனி, சின்ன வயசுக் குரல், மரியாதையாகத்தான் பேசினான். உன் பாட்டைப் படத்தில் வைக்க வேண்டுமாம், உன் பெயரையும் போடுவார்களாம். உன் பெயரைத் திரையில் பார்க்க எனக்கு எம்புட்டு ஆசை என்று அவனுக்கு எங்கே தெரியும்? ஆனாலும் கேட்டேன், “பாட்டுல இருக்க ஆறு பேரும் அப்படியே இருக்குமா?”

“அது கஷ்டம் சார். முத்துராணின்னா யாருன்னு ஜனங்களுக்குத் தெரியாதே.”

“தெரியாதுல்ல? அதுக்குத்தான் தம்பி பாட்டு” என்று சொல்லி போனை வைத்தேன்.