கண் காணி

ஆவணி 3, செவ்வாய்.
விடியலிலிருந்து தூறல். ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஐயாவின் இடது மீசை இன்று காலை வலது மீசையைவிட அரை விரற்கடை குறைந்து காணப்பட்டது. ஈடு செய்ய முடியாத இழப்பு. கத்தி வழுக்கியிருக்கும். பேர் கூப்பிடும் பெரட்டில் நின்ற அத்தனை பேரில் கண்டுபிடித்தவன் அடியேன் ஒருவனே.

அண்ணனிடம் கேட்டேன். "அவருக்கு மீசை இருக்கா?" என்றான். தினமும் இவன் பேரைக் கூப்பிடுகிற மனிதர்.

கங்காணி என்றால் கண் காணி. எங்கள் கங்காணிக்கோ கண்ணில் பூ. ஆகவே அந்தப் பட்டத்தை இன்றுமுதல் நானே சூட்டிக்கொள்கிறேன்.

ஆவணி 4, புதன்.
நல்ல வெயில். ஒரு சோதனை: யார் கண் திறந்த கண், யார் கண் சும்மா கண்?

அண்ணன்: சட்டையின் நடுப்பித்தானை வெட்டிச் சிவப்பு நூலில் தைத்துவைத்தேன். நாள் முழுக்கப் போட்டுத் திரிந்தான். பூஜ்யம்.

கங்காணி: செருப்பை இடம் வலம் மாற்றிவைத்தேன். அப்படியே மாட்டிக்கொண்டு போய்விட்டார். பூஜ்யத்துக்கும் கீழே.

பக்கத்து வீட்டு முனியாண்டி: அவன் ஆட்டுக்குப் பொட்டு வைத்தேன். "இன்னிக்கு ஆடு லட்சணமா இருக்குலா," என்றான். அரை மார்க்கு.

அண்ணி: கூடையில் ஒரே ஒரு மரவள்ளிக் கிழங்கை எடுத்து ஒளித்தேன். கூடையைத் தூக்கியதுமே, "தின்னியா, ஒளிச்சியா?" பிறகு, "பித்தானும் நீதான?" முழு மார்க்கு. கொஞ்சம் பொறாமை.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணி தெரியுது?"

"உங்கண்ணனுக்கு எது தொலைஞ்சாலும் நான் தேடிக் குடுத்துருவேன். எனக்குத் தொலைஞ்சா யாரு தேடுவா? அதான் பாத்து வச்சுக்கிறேன்."

ஆவணி 6, வெள்ளி.
புழுக்கம். கிழங்கு, கிழங்கு, மறுபடியும் கிழங்கு.

அடுப்படியில் அண்ணி அண்ணனிடம் சொன்னது: "நாலு நாளா பெரட்டுல ஆம்பளைங்க பேரு வரும்போது மட்டும் கிராணி நிமிந்து மூஞ்சியப் பாக்குறாரு. முன்னெல்லாம் குனிஞ்சேதான கூப்பிடுவாரு?"

அந்த மீசையைத்தான் நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

போன மாதம் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துக்கு ஜப்பான்காரன் லாரி வந்தது. அங்கேயும் ஆள் பொறுக்கிக் கொடுத்தது கிராணிதானாம். ஏற்றிப்போன ஆண்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். சயாம், சாயம். எழுத்தை மாற்றிப் போட்டால் சிரிப்பு வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

அண்ணி சொன்ன ஏற்பாடு: நான் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக் கூரைமேல் காவல். லாரி தெரிந்தால் பால்வாளியில் மூன்று தட்டு. அண்ணன் மரநிரையை விட்டுச் சதுப்புக்குள் ஓடிவிட வேண்டும்.

அண்ணன்: "இவனையா நம்புற?"

அண்ணி: "தம்பிக்கு நல்ல கண்ணு."

நான்: "ஈயே தப்பாது. லாரியா தப்பும்?"

ஆவணி 7, சனி.
கூரை சுடுகிறது. கண்டவை: வாழைக்குலையோடு சைக்கிளில் ஒரு மலாய்க்காரர். இரண்டு இருவாச்சி. முனியாண்டி ஆடு, பொட்டு அழிந்து. லாரி இல்லை.

கீழே போன அண்ணன்: "என்னா கங்காணி, சிரம்பான் தெரியுதா?"

"போர்டிக்சன் கடலே தெரியுது. கப்பல்ல ஒரு குரங்கு, உன் ஜாடை."

வாளியை ஓங்கினான். சிரித்துக்கொண்டே போனான்.

ஆவணி 9, திங்கள்.
மேகம். மழை இல்லை.

லாரி வந்தது. அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனோடு இன்னும் பத்துப் பேர்.

தட்டினேன். மூன்று தட்டு. அதற்குள் சிப்பாய்கள் நிரைக்குள் நின்றார்கள்.

அண்ணி பாலம்வரை ஓடினாள். லாரியிலிருந்து அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "அவனை ஒண்ணும் சொல்லாத, புள்ள."

எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஆற்றோரப் பாதையில் உருட்டி வந்தார்கள், என் கண்ணுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது, வேறு யாராயிருந்தாலும் அதுவும் தெரிந்திருக்காது என்றேன். கங்காணி தலையாட்டினார். "களவாணிப் பயலுக."

அண்ணி கேட்கவில்லை.

ஆவணி 11, புதன்.
மழை. இரவும் பகலும்.

அண்ணி பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்துவைத்தாள். ஒன்றைத் திருப்பிக் கவிழ்த்தாள். என் தட்டில் கிழங்கு போட்டாள். "சாப்பிடு தம்பி." இரண்டு நாளாக இப்படித்தான்.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

லாரி பெரிய சாலையில்தான் வந்தது. எஞ்சின் இரைச்சலோடு, புழுதியோடு. நான் ஆபீஸ் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அண்ணனை நிமிர்ந்து பார்த்ததற்குத் தண்டனையாகக் கிராணியின் பிரம்பு நாற்காலியில் மரத்துக் கித்தாப்பால் தடவியிருந்தேன். உட்கார்ந்தார். எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அண்ணி கீழே கீரை பறித்துக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்தவள் அவள்தான். அவள் கத்திய பிறகுதான் வாளியை எடுத்தேன். நான் பார்க்கவே இல்லை.