ஒழுங்கைப் பக்கத்து வாசல்

இன்று பின்னேரம் பூங்காவைத் தாண்டும்போது ஈரச் சுண்ணாம்பு மணம் வந்தது. ஒழுங்கைப் பக்கத்து வாசலைப் பூசி முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன்; குடிக்க முடியவில்லை. வெள்ளவத்தையின் இந்தச் சின்ன பிளாற் வீட்டுக்குள் இருக்கிறதும் எழும்புகிறதுமாகக் கிடந்தேன். உம்மிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

பூங்காவாகிவிட்ட அந்தக் கடலோரத் தோட்டத்தில் பங்களா எப்போதோ போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம்தான். காலி வீதிப் பக்கம், உச்சியில் கல் அன்னாசி வைத்த வாசல் தூண்கள். நடுவில் வட்டமான காற்று மண்டபம். ஒருகாலத்தில் கடலுக்கு இறங்கி, இப்போது மரைன் டிரைவ் வீதியில் முடிந்துபோகிற கல்படிகள். பிறகு, சந்துபோல ஒடுங்கிய ஒழுங்கையின் சுவரில் அந்தச் சிறிய வளைவு வாசல். கலியாணச் சோடிகள் தூணடியில்தான் படம் எடுப்பார்கள். சின்ன வாசலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பின்னேரம் நடக்க வந்துதான் நாங்கள் சிநேகிதமானோம். உமது வீட்டுக்குப் பெரிய வாசல்தான் கிட்ட. ஆனாலும் ஒழுங்கையால் சுற்றிச் சின்ன வாசலாலேயே வருவீர். ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

“எங்க அம்மா இங்க ஆயாவா இருந்தாங்க. பெரிய வாசல்ல காரு மட்டுந்தான் வரும். நான் நடக்கப் பழகினதே இந்த வாசப்படியிலதான்.”

“இப்ப உம்மை ஆர் மறிக்கிறது?”

“யாரும் மறிக்கல. இது எங்க வாசல். நான் ஏன் அடுத்தவங்க வாசல்ல வரணும்?”

நீர் சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூங்காவைத் திருத்தப்போவதாகக் கூட்டம் வைத்தபோது உமக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வரவேண்டாம் என்றேன், எனக்கு முதலே வந்து மண்டபத்தில் இருந்தீர். தூண்கள், மண்டபம், படிகள் எல்லாவற்றையும் பாதுகாப்போம், சின்ன வாசலை மட்டும் கல் வைத்து அடைப்போம், அதற்குக் கட்டடக்கலைப் பெறுமதி இல்லை என்றார் இளம் பொறியியலாளர். நீர் எழும்பிச் சிங்களத்தில் சொன்னீர்:

“தூண் பார்க்கிறதுக்கு இருக்கு. இந்த வீடு ஓடினது இந்த வாசலாலதான். மீன், விறகு, சமைக்கிறவங்க, எங்க அம்மா, எல்லாம் இதால வந்தது.”

“பழைய வரைபடத்தில் அந்த வாசலே இல்லை, அம்மா.”

“அப்ப வரைங்க, மகன்.”

உமது கையைப் பிடித்து இருத்தப் பார்த்தேன். உதறிவிட்டீர். முடிவு தெரியமுன் கண்ணை மூடிவிட்டீர்.

அடைக்கவில்லை. வளைவை வடிவாகப் பூசி, ‘பணியாளர் வாசல்’ என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் குறுக்கே இரும்புக் கிராதி, அதில் பூட்டு. பார்க்கலாம், போக ஏலாது. இதை நீர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர் என்று நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பவும் போனேன்.

“பெரிய வாசலால வாங்க,” என்றார் காவலாளி, கிராதிக்கு உள்ளே நின்று. உம்மைப்போல எனக்குச் சிங்களம் ஓடாது. வந்த சொற்களைக் கொண்டு, “இது வாசல், படம் இல்லை. திறவுங்கோ,” என்றேன். பூட்டுத் திறப்புத் தன்னிடம் இல்லையாம். அது அவரது இடுப்பில் தொங்கியது. என் குரல் உயர்வது எனக்கே கேட்டது. அடுக்குமாடிகளில் வீட்டுவேலை முடித்து ரயிலுக்குப் போகிற பெண்கள் இரண்டுபேர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். “இதால போனா ஸ்டேஷன் கிட்டத்தானே, அண்ணே,” என்றாள் ஒருத்தி. காவலாளி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்றைக்கு மட்டும்,” என்று முணுமுணுத்துத் திறந்தார். அவர்கள் படிகள் பக்கமாக விறுவிறென்று போனார்கள். நாளைக்கும் வருவேன் என்று அவரிடம் சொன்னேன்.

நாலுபேர் முன்னால் வாய் திறக்காத எனக்கு உமது பிடிவாதம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பொறியியலாளர் வேலை செய்கிற கந்தோர் எங்கே என்று விசாரித்துவிட்டேன். பூட்டை எடுக்கச் சொல்லி நாளைக் காலமை முதல் ஆளாய்ப் போய் நிற்பேன். கதிரையில் இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டேன்.