ஏழாம் எண்ணுக்கு மூன்றாம் நடுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அந்த அளவுக்கு வாய் கூடியிருக்கிறது. குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று கிளம்பியதில் இப்போது சமையலறைக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை. "வாலு இங்க இருந்திருந்தா ஸ்பேனரைச் சரியா எடுத்துக் குடுத்திருப்பா" என்று பழியைத் தூக்கி உன் மேல் போட்டுவிட்டார். நாளைக்கு ஆள் வருகிறான்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவால்ல, விடும்மா" என்பாய். அதைக் கேட்டதும் எனக்கும் அப்பாடா என்று இருக்கும். அப்படிச் சுலபமாகத் தப்பித்துவிடக் கூடாது என்றுதான் காகிதத்தை எடுத்தேன். ஏற்கெனவே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று.

முதலில் உன் செய்தி. நீ வேலை பார்க்கும் இசை அரங்கத்தில், பல்கலைக்கழக இசை, ஓவிய மாணவர்களுக்கான பயிற்சி வகுப்புகளை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று நீ அனுப்பிய மின்னஞ்சலில் படித்ததும் அப்பா எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "அம்மா இங்க பண்றதைத்தான் பொண்ணு அங்க பண்றா" என்று அவருக்கு ஒரே பெருமை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நீ கேட்ட படிவங்களை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதுவது, நிகழ்ச்சி அமைப்பாளருக்குக் கடிதம் எழுதுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை, எல்லாம் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் வேலை வழிகாட்டி வகுப்பை மாணவர்கள் இன்னமும் 'பொழப்பு வகுப்பு' என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு ஓவிய மாணவி தன்னைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் பக்கம் முடியும்போதுதான் பிறந்திருந்தாள். டிரம்ஸ் வாசிக்கும் ஒருவனிடம் மாதிரி நேர்காணலில் உன் பலவீனம் என்ன என்று கேட்டேன். "காலைல எந்திரிக்கிறது மேடம்" என்றான். அதைவிட உண்மையான பதிலை நான் கேட்டதில்லை.

இசைக்குழுத் தேர்வுக்குப் பழக்குவதற்காக நாங்கள் நடத்தும் மாதிரித் தேர்வுக்கான படிவத்தையும் வைத்திருக்கிறேன். அதில் கடைசி விதியை மட்டும் நிதானமாகப் படி. கறுப்புத் திரைக்குப் பின்னால் வாசிப்பவர் யாரென்று நடுவருக்குத் தெரிந்துவிட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். அந்த விதியை எழுதியவள் நான்தான். இசைத் துறையில் அதற்காக என்னைப் பாராட்டினார்கள்கூட.

இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. நீ இங்கே இசை படித்தபோது வாசித்த மாதிரித் தேர்வில் அந்த மூன்றாவது நடுவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறாய். நடுவர்களின் கருத்து இருக்கும் அந்தத் தாளை நாலு வருஷமாகப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அவருக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்றும், உன் முதல் வகுப்பையே அந்த வரிகளைப் படித்துக் காட்டித்தான் தொடங்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். நீ தேட வேண்டாம். அது நான்.

அன்றைக்கு நடுவராக வர வேண்டிய பாட்டு ஆசிரியைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. துறைத்தலைவர் என்னைப் பார்த்து, "இத்தனை வருஷமா கேக்கறீங்க, நீங்களே உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். நாடகத் துறையிலிருந்து கடன் வாங்கிய திரை. காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, கீழே கம்பளமும் விரித்திருந்தோம். சீட்டுக் குலுக்கி எண் கொடுத்தது துறைத்தலைவர், அதனால் உனக்கு எந்த எண் என்று எனக்குத் தெரியாது. ஆறு பேர் வாசித்து முடித்தார்கள். ஏழாம் எண் வந்து நின்றதும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. சூடான பாலை ஊதிக் குடிப்பதற்கு முன் குழந்தைகள் இழுப்பார்களே, அந்த மாதிரி. எட்டு வயதிலிருந்து வயோலாவின் தந்தியில் வில்லை வைக்கும் முன் நீ இழுக்கிற மூச்சு. எத்தனை பேர் சொல்லியும் உன்னால் விட முடியாத பழக்கம்.

நான் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

அதற்கு முந்தின மாதம், ஆசிரியர்கள் அறையில் யாரோ, "அம்மா ஆபீஸ்ல இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை" என்று பேசியது என் காதில் விழுந்திருந்தது. நான் எழுந்து, இது என் மகள் என்று சொன்னால், அவள் வாசிப்பதற்கு முன்பே மற்ற இரண்டு நடுவர்களின் கையையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு, நாளைக்கு யாராவது கண்டுபிடித்தாலும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதினேன். "விரல்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் இவருக்கு இசையில் சொல்ல எதுவும் இல்லை. வேறு துறையை யோசிப்பது நல்லது." எனக்கும் மனப்பாடம்தான்.

நான் உண்மையில் கேட்டதை இப்போதாவது சொல்கிறேன். அந்த மெதுவான பகுதியில் நீ சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாய். எனக்குப் பக்கத்தில் இருந்த தாடிக்கார ஆசிரியர், எதையும் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்கிற மனுஷன், நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள்கூடச் சாவியைப் பிடித்தபடி நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து எதையோ எழுதுவது போல் பாவனை செய்தேன். அந்தக் குனிந்த நிலையில்தான் அந்த மூன்று வரியையும் எழுதினேன்.

அதோடு நிற்கவில்லை. மூன்று பேர் எழுதியதையும் பெயரில்லாமல் ஒரே தாளில் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. அப்போதுகூட என் வரிகளை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தாடிக்காரர், "இவரை இன்னொரு முறை கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். நீ அதைப் படித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் சமையலறைக்கு வந்து தாளை நீட்டி, "ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருக்காங்கம்மா" என்றாய். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "யோசிச்சுப் பாரு" என்றேன். ஒரே டம்ளரை எத்தனை தடவை கழுவினேனோ தெரியாது. மறு வாரமே நிர்வாகப் படிப்புக்கான விண்ணப்பத்தை உனக்காக நானே நிரப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு விண்ணப்பம் நான் எழுதியதே இல்லை.

ஊர்ப்பேச்சுக்குப் பயந்தேன் என்பது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். என் அறைக்கு வரும் பெற்றோர்களிடம், "கவலைப்படாதீங்க, இசை படிச்சாலும் நல்லா வாழலாம்" என்று வருஷத்துக்கு நூறு பேரிடமாவது சொல்கிறவள் நான். என் பிள்ளை விஷயத்தில் அதை நான் நம்பவில்லை. உனக்கு நிலையான ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும் என்று எங்கேயோ உள்ளுக்குள் இருந்தது. அந்தப் பயத்துக்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ இப்போது நன்றாக இருக்கிறாய், வேலை பிடித்திருக்கிறது என்கிறாய். அதைக் கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ தேர்ந்தெடுத்த வாழ்க்கையா, நான் பொய் சொல்லித் தள்ளிவிட்ட வாழ்க்கையா என்று ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் கேட்டுக்கொள்கிறேன். உன்னாலும் இனி அதைச் சொல்ல முடியாது என்பதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு.

அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற ஆள், எழுந்து போய்க் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் வந்து, "அவகிட்ட சொல்லு, எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

உன் வயோலாவைத் துறைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய், சொந்தமாகக் கருவி இல்லாத மாணவர் யாராவது வாசிக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். அலமாரிக்கு மேலிருந்து இறக்கித் திறந்தேன். வில்லில் பாதி முடியைப் பூச்சி தின்றிருந்தது. பக்கவாட்டில் ஒட்டு விட்டிருந்தது. கருவி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் முகவாய் வைக்கும் இடத்தில் தேய்ந்திருந்ததைத் தடவிப் பார்த்து, "நிறைய வாசிச்ச கருவி, ஏன் விட்டாங்க?" என்று கேட்டார். வெளியூரில் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் ஒரு பொய். ஒட்டுப் போட்டு, வில்லுக்குப் புது முடி கட்டி, நான்கு தந்தியும் மாற்றியாயிற்று. இப்போது கூடத்தில் உன் பழைய நாற்காலி மேல் இருக்கிறது. துறைக்கு இன்னும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் கொடுத்துவிடு என்று நீ சொன்னால், அடுத்த நாளே நானே சுமந்துகொண்டு போய்க் கொடுக்கிறேன். அனுப்பு என்று சொன்னால், எத்தனை போர்வை சுற்ற வேண்டுமோ அத்தனையும் சுற்றி அனுப்புகிறேன். நீ சொல்லாமல் நான் இனி எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உன் முதல் வகுப்பில் அந்த வரிகளைப் படிக்காதே. உன் எதிரில் உட்காரப் போகிற பிள்ளைகளில் யாராவது அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். படித்தே தீர வேண்டும் என்றால், எழுதியது யார், ஏன் எழுதினாள் என்பதையும் சேர்த்துப் படி. என் மானத்தைப் பற்றிக் கவலைப்படாதே.

கோபம் வந்தால் கோபப்படு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாவிட்டாலும் நான் எதுவும் நினைக்க மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், நீ எங்கே இருந்தாலும், எந்த வேலை செய்தாலும் நன்றாக இரு. என்றைக்காவது மறுபடி அந்த மூச்சை இழுக்கத் தோன்றினால் யாருக்காகவும் அடக்காதே.

ஏழாம் எண்ணில் வாசித்தது யாரென்று எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.

உன்
அம்மா