அத்தான் காட்டிய மணிகள்

அன்பு அக்கா,

நேற்று பூக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு வந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. அத்தான் நடத்தும் ஆப்பிரிக்கப் பாசிமணி மியூசியத்தில் நீயும் பாப்பாவும் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அவர் மட்டும்தான் இருந்தார். என்னை அவர் பார்த்ததே இல்லையே. “வா தங்கச்சி, டிக்கெட் இல்ல லா, பயப்படாம பாரு” என்றார்.

கண்ணாடிப் பெட்டியில், குழந்தையின் இடுப்பில் கட்டும் மணிச்சரம் இருந்தது. பார்க்க வந்திருந்த ஓர் ஆன்டி, “நம்ம அரைஞாண் மாதிரியே இருக்கே! உங்க பிள்ளைக்குப் பொண்டாட்டி வீட்டுல போட்டாங்களா?” என்று அத்தானிடம் கேட்டார்.

“இன்னும் இல்ல ஆன்டி.”

“பேத்திய பார்க்கக்கூட வரலையா? என்ன ஜென்மமோ!”

“அப்படிச் சொல்லாதீங்க ஆன்டி. நல்லவங்க. கொஞ்சம் பிஸி லா.”

எனக்கு முகமெல்லாம் எரிந்தது, அக்கா. நம் வீட்டில் யாரும் பிஸியாக இல்லை. நீ அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் பேரைத்தான் எடுப்பதில்லை. ‘அத்தான்’ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தேங்க்யூகூடச் சொல்லாமல் படியிறங்கிவிட்டேன்.

வந்தது நான்தான் என்று அவரிடம் சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டே வருகிறேன். அவரிடம் நானே சொல்ல வேண்டும்.

உன் தங்கை