நான் வைத்த கட்டைவிரல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் நலம். நீயும் அங்கே பசியோடு வேலைக்கு ஓடாமல் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே ஓரமாகப் போட்டுவிடுவாயோ என்று பயந்து முகவரியை அப்பாவை எழுதச் சொன்னேன். உள்ளே இருப்பது நான்தான். ஏமாற்றிவிட்டேன் என்று திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அப்பாவின் காது மிஷின் இப்போதெல்லாம் விசில் அடிக்கிறது, சித்தி வந்தால் மட்டும் அது ரிப்பேர் ஆகிவிடும், கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். சமையலறைக் குழாய் ஒழுகி ஒழுகி ஒருவழியாகப் பிளம்பர் வந்தார். வந்தவர் ரிப்பேர் செய்ததைவிடப் படம் எடுத்ததுதான் அதிகம், செய்கிற வேலையை எல்லாம் வீடியோவாகப் போடுகிறாராம், நாலாயிரம் பேர் பார்த்தார்கள் என்று மறுநாள் வந்து சந்தோஷமாகக் காட்டினார். நான் பார்த்தால் குழாய்க்குக் கீழே என் தொட்டி, தொட்டி நிறைய நான் தேய்க்காமல் போட்டிருந்த பாத்திரம். முந்தாநாள் பாத்திரம் வேறு. அடிபிடித்த பால் சட்டியை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு அதற்கே கூசிப்போய்த் தெருவில் தலை காட்டாமல் இருந்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது, அதெல்லாம் ஒரு வெட்கமா.

பதினோரு வாரமாக நீ என்னோடு பேசவில்லை. அப்பாவுக்கு மட்டும் நலம், சரி, வேலை இருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாக அனுப்புகிறாய். குடும்பக் குரூப்பிலிருந்தும் போய்விட்டாய். எனக்கு ஏன் என்று உறைக்கவே இல்லை, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சித்தி சொன்னாள், அவ வேலைக்குப் போன நாட்டுல நம்ம ஆப்பை யாரும் தொடறதே இல்லக்கா, அங்க எல்லாரும் வேற ஒண்ணுலதான் இருக்காங்க என்று. எனக்கு அது நல்ல காரணமாகப் பட்டது. பெரியப்பா மகனும் அப்படித்தானே, அவன் போன நாட்டில் வேறு ஒன்று, இங்கே இருக்கிற ஒருத்தருக்கும் அதன் பெயர்கூட வாயில் நுழையவில்லை. கப்பலில் போன மேல்வீட்டுப் பையன் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்குவானாம். உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் இப்படி ஏதாவது ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஊருக்கு ஊர் குழாயடி வேறு வேறு, என் மகள் வேறு குழாயடிக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்டதோடு விட்டேனா, வருவோர் போவோருக்கெல்லாம் எந்த நாட்டில் எது நடக்கிறது என்று பாடம் வேறு எடுத்தேன். மகள் எப்படி இருக்கா, போட்டோ ஒண்ணும் காணோமே என்று யார் கேட்டாலும் இந்தப் பாடம்தான்.

போன செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடையில் உன்னோடு படித்தவள்தான் இருந்தாள். அவளிடமும் ஆரம்பித்தேன். அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவ நம்ம ஆப்லதான்மா இருக்கா, நேத்துகூட என்கிட்ட பேசினா, உங்களைத்தான் பிளாக் பண்ணியிருக்கா என்றாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் சீட்டோடு நின்றார்கள். நான் ஏன் என்று கேட்டேன். அவள் அவர்களை அனுப்பிவிட்டு, என்னை உள்ளே மருந்துப் பெட்டி மேல் உட்கார வைத்து, என் போனை வாங்கிக் குரூப்பில் தேடிக் காட்டினாள்.

உன் நாத்தனார் எழுதியது. கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டாரையும் சேர்க்கணும் என்று சித்தி குரூப்பில் சேர்த்துவிட்டாளே, அதில் எழுபத்து மூன்று பேர் பார்க்க எழுதியது. கால் உடைந்து தன் தம்பி படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது சம்பளம் பெரிது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் என்று. கீழே நாற்பத்தாறு கட்டைவிரல். யார் யார் என்று தொட்டுக் காட்டினாள். நாலாவது பெயர் என்னுடையது. பக்கத்தில் என் சின்னப் படம், நீ எடுத்ததுதான், பச்சைப் புடவை, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

ஏம்மா நீங்களே இதுக்குப் போய் லைக் போட்டீங்க என்று அவள் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அதன் அர்த்தமே தெரிந்தது. குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் நான் பார்த்தது தபால் பிரிவு. வந்த தபாலைப் பிரிப்பது, தேதி முத்திரை குத்துவது, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவது, அடுத்த மேசைக்குத் தள்ளுவது. சுருக்கொப்பம் என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை, என் கண்ணில் பட்டது என்று மட்டும்தான். குரூப்பில் அந்தக் கட்டைவிரலையும் நான் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தபாலையும் நிலுவையில் வைக்கக் கூடாது என்று காலையில் காபி ஆறுவதற்குள் வந்தது அத்தனைக்கும் வைத்துவிடுவேன். எங்கள் பழைய கண்காணிப்பாளர் காலமானார் என்ற செய்திக்கு வைத்திருக்கிறேன். அவர் மனைவி அதற்குப் பிறகு என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார், துக்கத்தில் இருக்கிறார் பாவம் என்று நினைத்தேன். சித்தி மகன் மூன்றாம் தடவையும் பரீட்சையில் கோட்டை விட்டதற்கு வைத்திருக்கிறேன். பெரியத்தையின் கண் ஆபரேஷன் சரியாக வரவில்லை என்றதற்கும் வைத்திருக்கிறேன்.

இதை இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உனக்கும் இதையே எழுதி, பாரடி உன் அம்மாவின் லட்சணத்தை, விவரம் தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துவிடு என்று ஒரு கடிதம் எழுதி முடித்து ஒட்டியும்விட்டேன். ஒட்டிய கையோடு பிரித்துக் கிழித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் உண்மை இல்லை.

உண்மை என்னவென்றால், நான் அதைப் படித்தேன். மற்றதை எல்லாம் படிக்காமல் வைத்தவள், உன் நாத்தனார் எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். காபி ஆறிப்போயிற்று. அவள் எழுதியது பொய் என்று அந்த எழுபத்து மூன்று பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்பது வாரம் நீ உன் புருஷனைத் தூக்கி உட்கார வைத்ததும், மாவுக்கட்டுப் பிரித்த அன்றைக்கு எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு நானும் கூட வந்ததும், அவன் ஊன்றுகோலோடு எழுந்து நடந்த மூன்றாம் வாரம் அதே கோலால் உன் முதுகில் அடித்ததும் எனக்குத்தான் தெரியும். அந்த அடையாளத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடமும் சொல்லாதே, அவருக்கு இதயம் தாங்காது, நான் பார்த்துக்கிறேன் என்றேன். நீ அந்த வார்த்தையைக் காப்பாற்றினாய். ஊர் பேசியபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் பார்த்துக்கிறேன் என்றவள் எதைப் பார்த்தேன். பதில் எழுதினால் அவள் ஒன்று எழுதுவாள், இவள் ஒன்று எழுதுவாள், பெரிசாகும், நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு கட்டைவிரலை வைத்து மேலே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனேன், அடுத்தது யாரோ வாங்கிய ஸ்கூட்டர். விருப்பம் என்ற அர்த்தம் எனக்குத் தெரியாதுதான். ஆனால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அதைவிட நல்லதில்லையடி. என் மேசையில் இதற்கு வேலை இல்லை என்பதுதான் அது. பெற்ற மகளை அடுத்த மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு முகம் எரிகிறது. உன் முன்னால் நின்று சொல்ல என்னால் முடிந்திருக்காது, காகிதம் என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் சின்ன பிரஷ்ஷால் காது மிஷினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். காதில் மிஷின் இல்லாததால் நான் சொன்னது கேட்கவில்லை, என்ன என்ன என்றார், அவளை அடிச்சான் என்று இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. மேல்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்பாவின் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டு மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டார். அப்புறம், புள்ள யார்கிட்ட சொல்லி அழுதுச்சு என்று கேட்டார். என்கிட்டதான், நான்தான் வாயை மூடச் சொன்னேன் என்றேன். சாயங்காலம் டீ அவரே போட்டுக்கொண்டார், ஒரு டம்ளர் மட்டும்.

மறுநாள் காலை அந்தக் கட்டைவிரலை எடுக்கப் பார்த்தேன். அதே இடத்தில் இன்னொரு தடவை தொட்டால் போய்விடுகிறது. நாற்பத்தாறு நாற்பத்தைந்து ஆயிற்று, நான் அங்கே இருந்த சுவடே இல்லை. எவ்வளவு சுலபம் பார். ஆபீசில் அப்படி எடுக்க முடியாது, தப்பாகப் போட்டதைக் கோடு போட்டு அடித்து, அடித்தது நான்தான் என்று பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. அதனால் மறுபடி கட்டைவிரலை வைத்துவிட்டு, கீழே கமெண்ட் எழுத உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் மதியம் வரை ஆயிற்று. நான் இவளுடைய அம்மா. மேலே உள்ளது பொய். ஒன்பது வாரம் என் மகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள், கட்டுப் பிரித்த நாளில் நானும் இருந்தேன், அவர் நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் போனாள். மேலே இருக்கும் என் கட்டைவிரல் தவறு, அதற்காக எல்லார் முன்னிலையிலும் வெட்கப்படுகிறேன். இவ்வளவுதான் எழுதினேன். ஒன்பது வாரம் என்று அடித்தது ஒன்பது வரம் என்று விழுந்துவிட்டது, பெரியத்தை போன் பண்ணி என்ன வரம், யார் கொடுத்தது என்று கேட்டாள். ஊன்றுகோல் விஷயத்தை எழுதவில்லை. இந்தத் தடவை பயந்து அல்ல. அது உன்னுடையது, சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், உன்னைக் கேட்காமல் அதை எழுபத்து மூன்று பேருக்கு விரித்துக்காட்ட எனக்கு உரிமை இல்லை.

உன் நாத்தனார் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். சித்தி வந்து, ஆறிப்போனதை ஏன்க்கா கிளறினே என்று ஒரு மூச்சு சத்தம் போட்டாள், அப்பா மிஷினைக் கழற்றவில்லை, முழுக்கக் கேட்டுவிட்டு, அவளுக்கு ஆறலம்மா என்று மட்டும் சொன்னார். என் கமெண்ட்டுக்குக் கீழே ஐந்து கட்டைவிரல் வந்திருக்கிறது. பிடித்துப்போய் வைத்தார்களா, பார்த்தேன் என்று வைத்தார்களா தெரியவில்லை, இனிமேல் எனக்கு எதைப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம்தான்.

என்னை மறுபடி சேர்த்துக்கொள் என்று கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் இல்லை. பதினோரு வாரம் நீ என்ன நினைத்துக்கொண்டு அங்கே பல் செட் செய்கிற வேலையில் குனிந்து உட்கார்ந்திருந்தாயோ, அம்மாவே கை வைத்துவிட்டாளே என்று தனியாக என்ன அழுதாயோ, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்லி உன்னை இரங்க வைக்கவும் பார்க்கவில்லை, இரங்காதே. அப்பாவோடு மட்டுமாவது இரண்டு வார்த்தை கூடப் பேசு, அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, பதில் வந்ததா என்று போனைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். நீ எங்கே இருந்தாலும் யாருக்கும் பயப்படாமல், உன் சம்பாத்தியத்தில், உன் இஷ்டப்படி, நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம்.

மறக்காமல் ஒன்று. குளிரில் முதுகில் அந்த இடம் இழுத்துப் பிடிக்கிறது என்று மருந்துக்கடைக்காரியிடம் களிம்பு பெயர் கேட்டாயாம், வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. களிம்பு போதாது, அங்கே நல்ல டாக்டரிடம் காட்டு. எப்படி அடிபட்டது என்று கேட்பார். இங்கே கேட்டபோது படியில் தவறி விழுந்தேன் என்று சொன்னாய், அதை ஆஸ்பத்திரி வாசலில் வைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அங்கே அப்படிச் சொல்லாதே. நடந்ததைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா