ஸ்கைலாப்பும் நேர்ந்துவிட்ட கிடாயும்

ஆவணி 2, திங்கள்

இன்றைக்கும் செவ்வாய்க் கிரகம்தான். சாயங்காலம் காப்பி போட்டதும் ஞானசேகர் வாத்தியார் வந்து உட்கார்ந்துவிட்டார். ரிட்டயரான பிறகு பாடம் கேட்க அவருக்குக் கிடைத்தவன் என் மகன் பாண்டீஸ்வரன் ஒருவன்தான். செக்காலை ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடையை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டு ஓடி வருகிறான், இதற்காக.

போய்ச் சேர ஏழெட்டு மாதம் ஆகுமாம். அதுவரை ஆளை ஐஸில் உறைய வைத்துத் தூங்க வைக்கலாம் என்கிறான் இவன். "அதெல்லாம் சினிமாவுல பாண்டி. உறைஞ்ச ரத்தம் கண்ணாடித் தூள் மாதிரி உள்ளயே கிழிச்சுப்புடும்" என்கிறார் அவர். மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்த மாவே புளித்துப்போகிறது, எட்டு மாதம் வைத்த மனுசன் என்ன ஆவான் என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பதில் தெரியாவிட்டால் சிரிப்பு.

ஆவணி 3, செவ்வாய்

வானத்துக்கு லிஃப்ட் கட்டுவார்களாம், கயிறு போட்டு. முழங்கால் டாக்டர் இருக்கிற கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கே லிஃப்ட் போகவில்லை. படியேறித்தான் போனேன். மருமகள் ரோகிணி சாட்சி.

ஆவணி 6, வெள்ளி

பேத்தி சௌபர்ணிகா சென்னையிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு ராக்கெட் கம்பெனியில் இன்ஜினியர். வழக்கம்போல வெல்டிங், வால்வு என்று ஆரம்பித்தவள் கடைசியில் மெல்லச் சொன்னாள். ஒருவரைப் பிடித்திருக்கிறதாம். விமான இன்ஜின் பழுது பார்க்கிற வேலையாம். நல்லதுதானே, யார் வீட்டுப் பிள்ளை என்றேன்.

"நம்ம முறைதான் அப்பத்தா. கீழச்சிவல்பட்டி முத்துக்கண்ணன்."

கருப்பம்மாள் பேரன்.

போனை ரோகிணி கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். அத்தனை பெரிய சென்னையில் வேறு ஆண்பிள்ளையே கிடைக்கவில்லையா?

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். 1979, ஆனி மாதக் கடைசி. பாண்டி பிறந்து பதினெட்டு நாள். நான் என் ஆத்தா வீட்டில் இருக்கிறேன். ஸ்கைலாப் என்று அமெரிக்காக்காரன் மேலே விட்ட கூடு ஒன்று உடைந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்றார்கள். ஊர் ஊராகப் பயம். சாகிறதுக்குள் தின்றுவிடுவோம் என்று கோழியும் ஆடும் அறுத்தார்கள். என் வீட்டுக்காரரின் தங்கை கருப்பம்மாளிடம் ஒரு கிடாயை விட்டு வந்திருந்தேன். கறுப்புக் கிடாய், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. இரண்டு பிள்ளை தவறி மூன்றாவதாகத் தங்கினவன் பாண்டி. அவன் காதுகுத்துக்கென்று கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாய் அது. திரும்பி வந்து பார்த்தால் கயிறு மட்டும் கிடக்கிறது. அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் இன்னும் காதில் இருக்கிறது: "எல்லாரும் சாகப்போறோம்னாக மதினி, அறுத்துத் தின்னுட்டோம்."

ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது. என் கிடாய் அவள் வயிற்றில் விழுந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நாற்பத்தாறு வருசம். அவள் அண்ணன் செத்தபோது வந்து என் தோளைப் பிடித்து அழுதாள். அப்போதும் பேசவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

கருப்பம்மாள் மகன் முத்துராமன், அந்தப் பையனின் அப்பா, வந்து போனார். மரியாதையான ஆள், அவள் வயிற்றில் பிறந்தது ஆச்சரியம்.

"பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும் சம்மதந்தான் அத்தை. ஆத்தாதான் ஒத்தக் கால்ல நிக்கிது. மதினி நேர்ல வந்து பொண்ணுக்குக் கேட்டாத்தான் பாக்கு மாத்துவேங்குது."

தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். பெண் ராக்கெட் ஏவுகிற கம்பெனியில் இருக்கிறாள் என்றதும் அவள் கேட்டாளாம்: "ஏவுறாளா? யாரு மேல ஏவுறா?"

பார்த்தாயா! ஏவல் வைக்கிற குடும்பம் என்கிறாள் எங்களை. பில்லி சூனியக்காரிகளாம் நாங்கள். வாத்தியார் உடனே, "ஏவுகலம், ஏவுதளம், எல்லாம் நல்ல தமிழ்தான்மா" என்று விளக்கம் சொல்ல வந்துவிட்டார். படித்தவர்களுக்கு வேறு நல்ல தமிழ் கிடைக்கவில்லையா? 'விடுகிறோம்' என்று சொன்னால் ராக்கெட் கிளம்பமாட்டேன் என்றா சொல்லும்?

ஆவணி 9, திங்கள்

போகமாட்டேன்.

ஆவணி 11, புதன்

வாத்தியார் காப்பி டம்ளர் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறார். "மேல சுத்துற ரெண்டு கலத்தை ஒண்ணு சேர்க்கிறது லேசு இல்லம்மா. ஒண்ணு அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும். இன்னொண்ணுதான் பக்கத்துல போகணும். வேகமாப் போனா இடிச்சுரும். பைய, சாண் சாணாப் போகணும்."

"எது போகணுமாம்?"

"எதுல எரிபொருள் இருக்கோ அது" என்றான் பாண்டி. "ஆத்தாகிட்டத்தான் நெறைய இருக்கு."

டம்ளர் இரண்டையும் பிடுங்கிக் கழுவப் போட்டேன். பாதிக் காப்பி மிச்சம் இருந்தது. இருக்கட்டும்.

ஆவணி 14, சனி

சௌபர்ணிகா வந்திருக்கிறாள். சண்டை போடுவாள் என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். போடவில்லை.

"அவுகளுக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாக, அப்பத்தா. வளத்ததெல்லாம் அந்த அப்பத்தாதான். அது மனசு நோக வேணாம்னு சொல்லிட்டாக. நானும் சரின்னுட்டேன்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. விட்டுருவோம்."

அதற்குப் பிறகு அப்பனோடு உட்கார்ந்து வால்வு பேசினாள். எங்கேயோ கசிகிறதாம், ராக்கெட் மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போகிறதாம். நன்றாகச் சிரித்துத்தான் பேசினாள். ஆனால் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், சோற்றை மிச்சம் வைக்கிறவள் இல்லை அவள்.

ஏன் என்னையே போட்டுப் படுத்துகிறார்கள்? தின்றவள் அவள், போய் நிற்கவேண்டியவள் நானா? சரி, நாளைக்குப் போகிறேன். பெண்ணுக்குக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன்.

ஆவணி 15, ஞாயிறு

கீழச்சிவல்பட்டி போய்விட்டு வந்தாயிற்று. காரில் பாண்டியோடு வாத்தியாரும் கூடவே. மேகத்துக்குள் போனால் விமானம் ஏன் குலுங்குகிறது என்று வழி முழுக்க. வாயை மூடுங்கள் என்று கத்தினேன். திருப்பத்தூர் வரை மூடியிருந்தார்கள்.

கருப்பம்மாள் சுருங்கிப் போயிருக்கிறாள். ஒரு கண்ணில் புரை. "வாங்க மதினி" என்று செம்பை நீட்டினாள். வாங்காமல் நின்றபடியே சொன்னேன்: "ஏம் பேத்திக்கு ஒம் பேரனைக் கேட்டு வந்திருக்கேன். அது இருக்கட்டும், யாரு மேல ஏவுறான்னு கேட்டியாமே?"

"ஆமா மதினி. ராக்கெட்டுன்னா சண்டையில குண்டு போடுறதுதானே? டிவியில அதத்தானே காட்டுறாக. நம்ம புள்ள யாரு மேல போடுதோன்னு பயந்துபோய்க் கேட்டேன்."

எனக்கு வாய் அடைத்தது. அடைத்தது வேறு பக்கமாகத் திறந்தது. "ஏம் புள்ளைக்கு நேர்ந்த கிடாயத் தின்னவதானே நீ!"

அவள் நல்ல கண்ணால் என்னையே பார்த்தாள். "தின்னேன்னா சொன்னேன்? தின்னுட்டோம்னுதானே சொன்னேன்."

"அதுல வேற யாரு?"

"அறுக்கச் சொன்னதே அண்ணந்தான். வேணாம்ணே, சாமி கிடான்னேன். நாளைக்குச் சாமியும் நம்மளோட சேந்துதான் சாகப்போகுதுன்னாக. தலக்கறியக்கூட யாருக்கும் குடுக்கல, அவுகளே தின்னாக. விடிஞ்சு பாத்தா ஒண்ணும் விழல. ஏங் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அவகிட்டச் சொல்லிறாத கருப்பு, பழி ஒம் மேலயே இருக்கட்டும்'னாக."

"அவுக போயி ஒம்போது வருசமாச்சேடி!"

"செத்தவுகளக் காட்டிக்குடுக்கச் சொல்றீகளா?"

உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவைக் கரை என்ன நிறம் என்று கேட்டால்கூடச் சொல்வேன். தின்னுட்டோம் என்ற சொல்லை இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அந்த 'ஓம்'முக்குள் யார் யார் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அந்த மனுசன் — "அவ புத்தி அப்படி, விடு, அந்தப் பக்கமே போகாத" என்று எனக்கு ஆறுதல் சொன்ன மனுசன்! காதுகுத்துக்கு வேறு கிடாய் தேடித் திரிந்தபோது கூடவே வந்து பல்லைப் பிடித்துப் பார்த்த மனுசன்!

செம்பை வாங்கிக் குடித்தேன்.

ஆவணி 16, திங்கள்

"அப்பா மேல கோவமா ஆத்தா?" என்று பாண்டி கேட்டான். உனக்கு இன்றைக்குச் செவ்வாய்க் கிரகம் இல்லையா, போய்ப் பேசு என்றேன்.

ஆவணி 26, வியாழன்

பாக்கு மாற்றியாகிவிட்டது. கல்யாணம் ஐப்பசியில்.

சாப்பிட்ட கையோடு ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். பறக்கிற கார் வந்தால் செக்காலை ரோட்டில் எங்கே இறக்குவது என்று வாத்தியாரும் பாண்டியும் ஒரு பக்கம். அந்தச் சத்தத்துக்குத் தெருவில் யாரும் குடியிருக்க முடியாது என்று முத்துக்கண்ணன் ஒரு பக்கம். சௌபர்ணிகா மாப்பிள்ளையை எதிர்த்தே பேசுகிறாள். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இவுக எப்பவும் இப்படித்தானா மதினி?" என்றாள் கருப்பம்மாள்.

"தெனமும்."

"எப்படித்தான் தாங்குறீகளோ."

அவள் கொண்டு வந்த மல்லிகையை வந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்தது போக ஒரு முழம் மீதி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருக்கிற அவர் படத்தைப் பார்த்தாள். பத்து நாளாக அந்தப் படத்தில் பூ இல்லை.

"அண்ணனுக்குப் போடவா மதினி?"

"இருக்கட்டும். புள்ளைக்கே இன்னொரு முழமா வச்சுவிடு" என்றேன்.